வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அட்மின் பாஸ்வேர்ட்: கடைக்கு வருகிறவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், நடுநடுவே கம்ப்யூட்டர் பழுது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் விசைப்படகுக்காரர்கள் எல்லாரும் வீட்டில், பள்ளிக்கூடமும் லீவு, இருக்கிற ஒரே கம்ப்யூட்டரை அஞ்சாறு பேர் சேர்ந்து உருட்டுவார்கள். அந்த இரண்டு மாதத்தில்தான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். அதில் பாதிப் பேருக்கு அட்மின் கணக்கில் பாஸ்வேர்ட் போடாததால் வந்த வினை, மீதிப் பேருக்குப் போட்டுவிட்டு மறந்ததால் வந்த வினை. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதினேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வேறு குறிப்பு இல்லாத இடத்தில் எல்லாம் விண்டோஸ் 10, 11 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்மின் அக்கவுண்ட்டுனா என்னண்ணே? நாங்க அப்படி ஒண்ணும் வைக்கலையே.

வைத்திருக்கிறீர்கள். கம்ப்யூட்டரை முதல் தடவை ஆன் செய்தபோது எந்தப் பெயரைக் கொடுத்தீர்களோ அந்தக் கணக்கை விண்டோஸ் தானாகவே அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கிவிடும். கடையில் போட்டுக் கொடுத்ததென்றால் ‘யூசர்’, ‘ஹோம்’ என்று ஏதாவது பெயர் இருக்கும், அதுவும் அட்மின்தான். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் யுவர் இன்ஃபோ போய்ப் பாருங்கள், உங்கள் பெயருக்குக் கீழே அட்மினிஸ்ட்ரேட்டர் என்று எழுதியிருக்கும்.

அட்மின் கணக்கில் இருப்பவர் புதுப் புரோகிராம் போடலாம், இருப்பதை எடுக்கலாம், அடுத்தவர் பாஸ்வேர்டை மாற்றலாம், அடுத்தவர் கணக்கையே அழிக்கலாம். ஸ்டாண்டர்டு கணக்கில் இருப்பவர் தன் வேலையைப் பார்க்கலாம், அவ்வளவுதான். படகில் பத்துப் பேர் இருந்தாலும் சுக்கான் ஒருத்தர் கையில்தானே இருக்கும்.

எங்க வீட்டுக்குள்ள எங்களுக்கே பூட்டா? வாசக் கதவையே நாங்க பூட்டுறதில்ல.

பூட்டு என்று நினைப்பதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. புதுப் புரோகிராம் ஏதாவது உள்ளே வரப் பார்த்தால் திரை மங்கி, ‘இது உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்யலாமா’ என்று ஒரு பெட்டி வருகிறதல்லவா, 2007-ல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த ஏற்பாடு அது. நீங்கள் அட்மினாக இருந்தால் அது வெறும் ‘ஆம், இல்லை’தான் கேட்கும், கை பழக்கத்தில் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டுப் போய்விடும். ஸ்டாண்டர்டு கணக்கில் இருந்தால் அதே பெட்டி அட்மினின் பாஸ்வேர்டைக் கேட்கும். அப்போது பிள்ளை எழுந்து வந்து, ‘அப்பா, இது பாஸ்வேர்ட் கேக்குது’ என்று உங்களைக் கூப்பிடும். நீங்கள் எட்டிப் பார்ப்பீர்கள். அந்த எட்டிப் பார்க்கிற அரை நிமிஷத்துக்காகத்தான் இத்தனையும்.

என் அக்கா மகன் ஒரு கேமுக்குக் காசு கொடுக்காமல் கார் வாங்குகிறேன் என்று எதையோ இறக்கி, கேட்ட பெட்டிக்கெல்லாம் ‘ஆம்’ கொடுத்து, மறுநாள் காலையில் திரை முழுக்க சூதாட்ட விளம்பரம். அவனைத் திட்டுவதில் பயனில்லை, கேட்டதற்குத்தானே அவன் பதில் சொன்னான்.

சரி, எங்க போய்ப் போடணும்? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு இடம் சொல்றாங்க.

விண்டோஸ் பொத்தானையும் ஐ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். அதில் அக்கவுண்ட்ஸ், அப்புறம் சைன்-இன் ஆப்ஷன்ஸ், அதில் பாஸ்வேர்ட். இதுவரை பாஸ்வேர்ட் இல்லையென்றால் ‘ஆட்’ என்றும், இருந்தால் ‘சேஞ்ச்’ என்றும் பொத்தான் இருக்கும். இரண்டு தடவை அடிக்கச் சொல்லும், கீழே ஒரு ‘ஹின்ட்’ கேட்கும். இந்த ஹின்ட்டில் பாஸ்வேர்டையே எழுதி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தப்பாக அடித்தால் அது யாருக்கு வேண்டுமானாலும் காட்டும், ஆகவே உங்களுக்கு மட்டும் புரிகிற ஒரு சொல் போதும்.

ஏற்கனவே இருப்பதை மாற்ற இன்னொரு சுருக்கு வழி: கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் திரையிலேயே பாஸ்வேர்டை மாற்றும் வரி இருக்கிறது.

நான் மெயில் ஐடி போட்டுத்தான் உள்ள போறேன். இதுல அட்மின் பாஸ்வேர்ட் தனியா எங்க இருக்கு?

தனியாக இல்லை. யுவர் இன்ஃபோ பக்கத்தில் பெயருக்குக் கீழே மெயில் முகவரி தெரிந்தால் அது மைக்ரோசாஃப்ட் கணக்கு, ‘லோக்கல் அக்கவுண்ட்’ என்று தெரிந்தால் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டுமான கணக்கு. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டுதான் உங்கள் அட்மின் பாஸ்வேர்டும், அதை மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். எது உங்களுடையது என்று இப்போதே பார்த்து மனதில் வையுங்கள், மறந்துபோனால் மீட்கும் வழி இரண்டுக்கும் வேறுவேறு. கீழே துபாய்க் கேள்வியில் அது வருகிறது.

நாலு நம்பர் பின் இருக்கே, அது பத்தாதா?

வீட்டுக்குள் தினசரி உள்ளே போக பின் நல்லதுதான். அது அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் செல்லும், வெளியே யாருக்காவது தெரிந்தாலும் அதை வைத்து உங்கள் மெயிலுக்குள் போக முடியாது. ஆனால் பின் என்பது பாஸ்வேர்டின் மேல் போட்ட சட்டை. பாஸ்வேர்ட் இல்லாத லோக்கல் கணக்கில் பின் வைக்கவே விண்டோஸ் விடாது. நாளைக்கு அந்தப் பின் நம்பர் சிக்கினால் அடியில் இருக்கும் பாஸ்வேர்டைத்தான் கேட்கும், அன்றைக்கு முழிக்கிறவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். அட்மின் கணக்குக்கும் 1234 என்று பின் வைத்துவிட்டு பிள்ளைகள் முன்னால் அடித்துக்கொண்டிருந்தால் அதுவும் வீண்.

எங்க படகு நம்பரை வச்சிருக்கேன். யாருக்குத் தெரியப் போகுது?

படகின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறதே! படகுத்துறையில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். பைக் நம்பர், பிள்ளை பெயரும் பிறந்த வருஷமும், போன் நம்பரின் கடைசி எட்டு இலக்கம், எல்லாம் இந்த ரகம்தான்.

ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலு சொல்லைச் சேர்த்து ஒரே வரியாக, ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ஒரு மீன், ஒரு சாமான், ஒரு கிழமை, ஒரு பலகாரம் என்கிற மாதிரி, எதையும் எதையும் சேர்க்கலாம். நீளம்தான் பலம், நடுவில் ஒரு நட்சத்திரக் குறியும் கடைசியில் ஒரு 1-ம் போட்ட குட்டிப் பாஸ்வேர்டை விட இது மேல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமா என்றும் கேட்பார்கள், வேண்டாம். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே கட்டாயமாக அடிக்கடி மாற்றச் சொல்வதைக் கைவிட்டது, அப்படி மாற்றச் சொன்னால் மனுஷன் கடைசி எழுத்தை 1-லிருந்து 2 ஆக்குவதோடு முடித்துக்கொள்கிறான். வெளியே தெரிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் மாற்றுங்கள், போதும்.

தமிழ்லயே பாஸ்வேர்ட் அடிச்சா யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுல்ல?

உங்களாலேயும் முடியாமல் போகலாம். பாஸ்வேர்ட் வைக்கும்போது ஒரு விசைப்பலகை, லாகின் திரையில் வேறொரு விசைப்பலகை என்று ஆகிவிட்டால் அதே விரல் வேறு எழுத்தை அடிக்கும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிப்பதே நிம்மதி. அதிலும் ஒரு கண்ணி உண்டு: ழ, ள, ற வருகிற சொல் வேண்டாம். வாளை மீனை இன்றைக்கு ஒரு மாதிரி எழுதுவோம், ஆறு மாதம் கழித்து வேறு மாதிரி எழுதுவோம். நண்டு, கணவாய், சூடை என்று எழுத்து தடுமாறாத சொல்லாகப் பாருங்கள், ‘சூ’வுக்கு எத்தனை எழுத்து என்று மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். (இந்த மூன்றையே வைத்துவிடாதீர்கள், இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுப் பிள்ளையும் படிக்கும்.)

பாஸ்வேர்ட் சரியாத்தான் அடிக்கிறேன், தப்பு தப்புன்னே சொல்லுது.

முதலில் கேப்ஸ் லாக் (Caps Lock), நம் லாக் (Num Lock) பாருங்கள். அப்புறம் பெட்டியின் ஓரத்தில் கண் மாதிரி ஒரு குறி இருக்கும், அதை அழுத்திப் பிடித்தால் என்ன அடித்தீர்கள் என்று தெரியும்.

நம் ஊரில் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு, அது எந்த வழிகாட்டியிலும் இருக்காது: உப்புக் காத்து. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் துருவோடு போராடிப் போராடி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது. இரும்புப் பாலத்துக்கே அந்தக் கதி என்றால் ஜன்னலோரம் வைத்த கீபோர்டு எம்மாத்திரம். ஒரு எழுத்து அடிக்காது, இல்லாவிட்டால் ஒரு அடிக்கு இரண்டாக விழும். தங்கச்சிமடத்து அக்கா ஒருத்தர் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று அழாத குறையாக வந்தார், மறக்கவில்லை, ‘எம்’ எழுத்து செத்திருந்தது. லாகின் திரையின் வலது கீழ் மூலையில் ஆள் மாதிரி ஒரு குறி இருக்கும் (விண்டோஸ் 10-ல் அது கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்), அதில் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு என்று இருக்கும். அதை எடுத்து மவுஸாலேயே அடிக்கலாம். யூஎஸ்பி கீபோர்டு கைவசம் இருந்தால் அதைச் செருகினாலும் சரி.

இருக்கிறதே ஒரு அக்கவுண்ட், அதுதான் அட்மின். பிள்ளைகளுக்குத் தனியா போடணுமா?

போட்டால்தான் முழுப் பலன். நான் செய்து கொடுக்கிற முறை கொஞ்சம் தலைகீழானது: பிள்ளைகளுக்குப் புதுக் கணக்கு போடுவதற்குப் பதில், புதிதாக ஒரு அட்மினைப் போட்டுவிட்டு, இப்போது எல்லாரும் புழங்குகிற கணக்கை ஸ்டாண்டர்டு ஆக்கிவிடுவேன். படம், ஃபைல், டெஸ்க்டாப் எதுவும் இடம் மாறாது, வீட்டில் யாருக்கும் வித்தியாசமே தெரியாது. மாலையில் ஏதாவது புதிதாகப் போடும்போதுதான் பெட்டி வந்து பாஸ்வேர்ட் கேட்கும்.

அக்கவுண்ட்ஸில் அதர் யூசர்ஸ் போய் ‘ஆட் அக்கவுண்ட்’. மெயில் கேட்கும். ‘இவருடைய சைன்-இன் விவரம் என்னிடம் இல்லை’ என்ற பொருளில் கீழே நீல எழுத்தில் ஒரு வரி, அடுத்த பக்கத்தில் ‘மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்’ என்ற பொருளில் இன்னொரு வரி. அதன் வழியே போனால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும், மூன்று பாதுகாப்புக் கேள்வியும் கேட்கும். முடிந்ததும் அந்தப் பெயரைத் தொட்டு ‘சேஞ்ச் அக்கவுண்ட் டைப்’பில் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். இப்போது பழையதைக் கீழே இறக்க அவசரப்படாதீர்கள். சைன் அவுட் செய்து, புது அட்மினில் ஒரு தடவை பாஸ்வேர்ட் அடித்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே பழையதை ஸ்டாண்டர்டு ஆக்குங்கள். இந்தச் சோதனையைத் தாண்டி ஓடியவர்கள் வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு சாவியை உள்ளே வைத்துப் பூட்டியவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள்.

ஸ்டாண்டர்டு அக்கவுண்ட்டுல இருந்தா வைரஸே வராதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். சில புரோகிராம்கள் அட்மினைக் கேட்காமல் அந்தக் கணக்குக்குள் மட்டும் உட்கார்ந்துகொள்ளும். ஃபைலை எல்லாம் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற வகை, அந்தக் கணக்கில் இருக்கும் படங்களையும் கணக்கு வழக்கையும் அட்மின் இல்லாமலே கெடுத்துவிடும். கம்ப்யூட்டர் முழுக்கப் பரவி வேர் விடுவதுதான் கடினமாகும். கல்யாண ஆல்பம், ஐஸ், டீசல் கணக்கு எல்லாம் வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி இருக்கட்டும், வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வையுங்கள்.

எழுதி வைக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

ஆபீஸுக்கு அது சரி. வீட்டுக்கு என் பதில்: கண்டிப்பாக எழுதி வையுங்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒட்டாமல், ரேஷன் கார்டும் பேங்க் பாஸ்புக்கும் படகுப் பத்திரமும் இருக்கிற பெட்டியில் வையுங்கள். ஜெல் பேனா வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் மை ஊறிவிடும். பால் பேனாவில் எழுதி பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள்.

பாஸ்வேர்ட் தெரிந்தவராக வீட்டில் இரண்டாவது ஆள் ஒருவர் இருக்க வேண்டும். கடலுக்குப் போகிறவர் வீட்டிலும் வெளிநாட்டில் இருக்கிறவர் வீட்டிலும் ஒரே ஆளின் தலைக்குள் மட்டும் ஒரு சாவி இருப்பது சரியில்லை. எல்லாம் நல்லபடியாக இருக்கும்போதே மனைவியிடமோ அம்மாவிடமோ ‘இந்தக் கவர் இங்கே இருக்கு’ என்று காட்டிவிடுங்கள்.

காக்கா, அவங்க துபாய்ல இருக்காங்க, பாஸ்வேர்ட் அவங்களுக்கே மறந்துபோச்சாம். இப்ப என்ன செய்யுறது?

கீழக்கரைப் பக்கமிருந்து (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்) மாதம் ஒருவராவது இதோடு வருகிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் பதற்றமே வேண்டாம். அவர் துபாயில் தன் போனிலிருந்தே அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிவிடலாம், இங்கே கம்ப்யூட்டரை நெட்டில் இணைத்துப் புதியதை அடித்தால் திறக்கும். லோக்கல் கணக்கு என்றால், தப்பாக ஒரு தடவை அடித்ததும் கீழே ‘ரீசெட் பாஸ்வேர்ட்’ வரும், மூன்று பாதுகாப்புக் கேள்வி முன்னமே வைத்திருந்தால் அதற்குப் பதில் சொன்னால் போதும். பதிலை வீடியோ காலில் கேட்டு அடித்தவர்கள் உண்டு. பென் டிரைவில் ‘பாஸ்வேர்ட் ரீசெட் டிஸ்க்’ முன்னமே செய்திருந்தால் அதுவும் திறக்கும், ஒரு தடவை செய்தால் பிறகு பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அதுவே செல்லும். அதனால்தான் அந்தப் பென் டிரைவையும் பாஸ்புக் பெட்டியில் வையுங்கள் என்கிறேன்.

இவருடையது லோக்கல் கணக்காக இருந்து, அதே கம்ப்யூட்டரில் இன்னொரு அட்மினும் இருந்தால், அவர் உள்ளே போய் இவருடைய பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். ஆனால் லோக்கல் கணக்கில் இப்படி வெளியிலிருந்து மாற்றினால், அந்தக் கணக்கில் சேமித்து வைத்த இணையதளப் பாஸ்வேர்டுகளும், விண்டோஸின் குறியாக்கம் (சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது) போட்டு வைத்த ஃபைல்களும் போய்விடும். சாதாரண படமும் ஃபைலும் அப்படியே இருக்கும். ஆக இது கடைசி வழி.

பென் டிரைவை வச்சு அஞ்சு நிமிஷத்துல உடைச்சிரலாம்னு மச்சான் சொல்றாரு. அப்புறம் எதுக்கு இது?

மச்சான் சொல்வது பொய்யில்லை. லாகின் பாஸ்வேர்ட் விண்டோஸின் வாசல், ஹார்டு டிஸ்கின் வாசல் இல்லை. லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்) இருக்கிற பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினால் விண்டோஸை எழுப்பாமலே ஃபைலைப் பார்க்கலாம். வீட்டுப் பிள்ளை தவறுதலாக எதையும் போடாமல் தடுக்க அட்மின் பாஸ்வேர்ட் போதும், லேப்டாப் பஸ்ஸில் தொலைந்துபோனால் போதாது. அதற்குத்தான் டிஸ்க் குறியாக்கம். புரோ பதிப்பில் பிட்லாக்கர், ஹோம் பதிப்பில் டிவைஸ் என்கிரிப்ஷன்.

இதில் ஒரு எச்சரிக்கை. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இது தானாகவே ஓடிவிடும். நமக்குத் தெரியவே தெரியாது. பிறகு மதர்போர்டு மாற்றினாலோ பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்பு) கை வைத்தாலோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் இருக்கும், இப்போதே எடுத்து அந்தக் கவரில் எழுதிப் போடுங்கள். அது இல்லையென்றால் நானும் திறக்க முடியாது, மச்சானும் திறக்க முடியாது.

‘அட்மினிஸ்ட்ரேட்டர்’னே ஒரு அக்கவுண்ட் உள்ள ஒளிஞ்சிருக்காமே?

இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி ஹோம் காலத்தில் சேஃப் மோடில் போனால் பாஸ்வேர்ட் இல்லாமல் அது திறந்து கிடக்கும், ‘உடைப்பது’ என்று அன்றைக்குப் பலர் செய்தது அதுதான். விஸ்டாவிலிருந்து அதை முடக்கியே தருகிறார்கள். அதை எழுப்பி தினசரி பயன்படுத்தச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள், மேலே சொன்ன ‘மாற்றம் செய்யலாமா’ பெட்டியே அந்தக் கணக்கில் வராது.

பாஸ்வேர்ட் இல்லாம விட்டாத்தான் பாதுகாப்புன்னு ஒருத்தர் சொன்னாரு, நெசமா?

சிரிக்க வேண்டாம், அதில் கால்பங்கு உண்மை இருக்கிறது. பாஸ்வேர்ட் இல்லாத கணக்கை வைத்து வைஃபை வழியாகவோ ரிமோட் டெஸ்க்டாப் வழியாகவோ வெளியிலிருந்து உள்ளே வர விண்டோஸ் விடாது, நேரில் உட்கார்ந்தால்தான் நுழையலாம். ஆகவே ‘1234’ என்று வைப்பதை விடக் காலியாக விடுவது அந்த ஒரு விஷயத்தில் மேல். ஆனால் நேரில் உட்காருகிற எல்லாருக்கும் அது திறந்த வீடு. நல்ல பாஸ்வேர்ட் வைத்தால் இரண்டு பக்கமும் அடைபடும்.

மைக்ரோசாஃப்ட்ல இருந்து பேசுறோம், அட்மின் பாஸ்வேர்ட் சொல்லுங்கன்னு போன் வந்துச்சு.

வையுங்கள் போனை. அவர்கள் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவர்கள் சொன்ன ரிமோட் புரோகிராமை ஏற்கனவே போட்டுவிட்டீர்கள் என்றால் முதலில் நெட்டைப் பிடுங்குங்கள், பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். காசு போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

ரிப்பேர் கடையில பாஸ்வேர்ட் கேக்குறாங்க, குடுக்கலாமா?

திரை, பேட்டரி, கீபோர்டு மாற்றுவதற்குப் பாஸ்வேர்ட் தேவையில்லை. உள்ளே போக வேண்டிய வேலை என்றால் கொடுப்பதற்கு முன் ஒரு தற்காலிகப் பாஸ்வேர்டுக்கு மாற்றி, வாங்கி வந்ததும் திருப்பி மாற்றுங்கள். நான் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் ஒரு கடையில் என் கம்ப்யூட்டரைக் கொடுத்தேன், திரும்பி வந்தபோது அதில் எனக்குத் தெரியாத இன்னொரு அட்மின் கணக்கு இருந்தது. கெட்ட எண்ணத்தில் போட்டதாகத் தோன்றவில்லை, அவர்கள் வசதிக்குப் போட்டு மறந்திருப்பார்கள். இருந்தாலும் வாங்கியதும் அதர் யூசர்ஸ் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். என் கடையில் வாங்கினாலும் பாருங்கள்.

அரசாங்கம் குடுத்த பழைய லேப்டாப், விண்டோஸ் 7. அதுலயும் இதே மாதிரியா?

வழி மட்டும் வேறு: கண்ட்ரோல் பேனல், யூசர் அக்கவுண்ட்ஸ், அதில் பாஸ்வேர்ட் உருவாக்கும் வரி. ஆனால் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு பாதுகாப்புத் திருத்தம் நின்றுவிட்டது, 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் வழக்கமான ஆதரவு முடிந்தது. அந்த லேப்டாப்பில் டைப் பழகலாம், படம் பார்க்கலாம், பேங்க் வேலை வேண்டாம்.

எங்க பையன்தான் எல்லாம் போட்டுக் குடுத்தான், அட்மினும் அவன்தான். பாஸ்வேர்ட் கேட்டா மூஞ்சியத் தூக்குறான். பதினாறு வயசு.

பிடுங்காதீர்கள். உங்கள் வீட்டிலேயே அதிகம் தெரிந்தவன் அவன்தான், பிரிண்டர் நின்றால் அவனைத்தானே கூப்பிடுவீர்கள். இரண்டாவதாக ஒரு அட்மின் கணக்கு உங்கள் பெயரில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், மேலே சொன்ன அதே வழி, அவனுக்கு ரெண்டு நிமிஷ வேலை. உங்கள் பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள், அவனைத் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். அவனுடைய தினசரிக் கணக்கு ஸ்டாண்டர்டாக இருக்கட்டும், தனி அட்மின் ஒன்று அவனிடமும் இருக்கட்டும். இதை அவனிடம் ‘நீ தப்புப் பண்ணுவே’ என்று சொல்லிக் கேட்டால் நடக்காது. நான் இந்தக் கடைக் கம்ப்யூட்டரிலேயே ஸ்டாண்டர்டு கணக்கில்தான் உட்கார்ந்து இதை அடிக்கிறேன் என்று சொல்லுங்கள், நம்பாவிட்டால் கடைக்குக் கூட்டி வாருங்கள், காட்டுகிறேன்.